கரந்துறை நகையும் அதனைக் காண்போரும்

தோற்றுவாய்

நகைச்சுவை நூலைக் கற்போர் இருமுறை நகைத்தல் உண்டு. முதன்முறை நகைப்பது கதையில் நிகழும் நிகழ்ச்சி கண்டு. மறுமுறை நகைப்பது, முன்னர்த் தாம் காணாது விட்ட குறிப்பொன்று அங்கே மறைந்து கிடந்ததனைப் பின்னர் உணர்ந்து. முதல் நகை ஆசிரியர் தரப் பெறுவது. இரண்டாம் நகை கற்பார் தேடிப் பெறுவது. தேடிப் பெற்ற பொருளின்மேல் மக்களுக்குப் பற்று மிகுதி. ஆதலின் இரண்டாம் நகையைக் கண்டவர் அதனைத் தம்முள் வைத்துக்கொள்ளாமல் பிறர்க்கும் காட்ட விரும்புவர். காட்டியவரை விஞ்ச மற்றவரும் தேடுவர். இங்ஙனம் ஒரு நூலைச் சூழ்ந்து ஒரு கூட்டம் உருவாகின்றது.

சித்திரகவிகளுள் 'கரந்துறை செய்யுள்' என்பது ஒன்று. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள்ளே மற்றொரு செய்யுள் மறைந்து நிற்பது அது. அப்பெயரைத் தழுவி, ஒரு கதையின் நேர்ப்பொருளுக்குள் மறைந்து நிற்கும் நகைக் குறிப்பினைக் 'கரந்துறை நகை' என இக்கட்டுரையில் வழங்குவோம். கரந்துறை செய்யுளில் மறைந்தது உண்டா இல்லையா என்பதனை எழுத்தெண்ணிக் காட்டிவிடலாம். கரந்துறை நகைக்கோ அத்தகைய எண்ணிக்கை இல்லை. ஆசிரியர் வைத்ததையும் காண்பதுண்டு. வைக்காததைக் கண்டதாக மயங்குவதும் உண்டு. இவ்விரண்டனையும் பிரித்தறிய வழி யாது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். புதுமைப்பித்தன் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் கதையையும், அதனைக் கழுகுமலையில் யாம் முதுகலை மாணவர் சிலரோடு பயின்றபோது அவர்கள் கண்டு கூறிய சில குறிப்புகளையும் இவ்வாராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வோம்.

மேலைநாட்டுச் சான்று ஒன்று

இக்காலத்தில் இவ்வகைத் தேடலுக்குப் பெருங்களமாக அமைந்தவை ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராச்செட் இயற்றிய 'டிஸ்க்வேர்ல்டு' என்னும் வரிசைப் புதினங்கள். 1983 முதல் 2015 வரை 41 புதினங்களாக வெளிவந்த அவ்வரிசை, தட்டுப்போன்ற ஓர் உலகத்தை நிலைக்களமாக உடையது. அவ்வுலகை நான்கு யானைகள் தாங்குகின்றன. யானைகளை ஒரு பேராமை தாங்குகின்றது. கூர்மத்தையும் திசை யானைகளையும் அறிந்த நம்மவர்க்கு இது புதுமையன்று. இறப்பு என்பதே அக்கதைகளில் ஒரு பாத்திரமாகி வந்து, மாந்தரின் நடையைக் கண்டு வியந்து நிற்கும். புராணம், நாடகம், அறிவியல், தெருப்பாட்டு ஆகியவற்றிலிருந்து எடுத்த குறிப்புகளை அவ்வாசிரியர் பக்கந்தோறும் ஒளித்து வைத்தார். வாசகர் அவற்றைத் தேடித் தொகுத்து, பெரியதொரு குறிப்புரையே ஆக்கினர்.

ஒரு சான்று கூறுவோம். 1989-இல் வெளிவந்த 'பிரமிட்ஸ்' என்னும் புதினத்தில் பழைய எகிப்தை ஒத்த நாடு ஒன்று வருகின்றது. அதன் பெயரை வாய்விட்டுச் சொன்னால் 'ஜெலி பேபி' என்னும் ஆங்கில நாட்டு மிட்டாயின் பெயராக ஒலிக்கும். அம்மிட்டாயை உண்டு வளர்ந்தவர் நகைத்தனர். அதனை அறியாத அமெரிக்க வாசகர் பலர்க்கு அது வெறும் நாட்டின் பெயராகவே நின்றது. ஆசிரியர் பின்னர் வேறொரு புதினத்தில், அமெரிக்கரின் ஹெர்ஷி பார் என்னும் தின்பண்டத்தின் பெயரை ஒலிக்கும் மற்றொரு நாட்டைப் படைத்து அவர்கள் குறையையும் தீர்த்தார். கரந்துறை நகை இடத்தைப் பற்றி நிற்பது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பிராச்செட் 2015-இல் மறைந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் வாசகர் அவரையே வினவ முடிந்தது, அவரும் சிலவற்றைத் தாம் வைத்தனவே என்று உடன்பட்டார், சிலவற்றை மறுத்தார். ஆசிரியரே நடுவராக இருந்த பேறு அவ்வாசகர்க்கு வாய்த்தது. புதுமைப்பித்தனோ 1948-இலேயே மறைந்தார். அவர் கதைகளில் நாம் காணும் நகைக்கு அவரிடம் சென்று சான்று பெற இயலாது. ஆகவே நடுவரின் இடத்தில் ஓர் அளவுகோலை வைத்துக்கொள்வது இன்றியமையாததாகின்றது.

கழுகுமலை தரும் பாடம்

அளவுகோலைத் தேடுவதற்கு முன், மாணவர் பயின்ற ஊரினைச் சிறிது நோக்குவோம். கோவில்பட்டிக்கு மேற்கே கரிசல் நிலத்தில் தனித்து நிற்கும் கழுகுமலையில் மூவகைச் சான்றுகள் உள்ளன. மூன்றும் நம் பொருளுக்கு உதவுவன.

மலையின் ஒரு புறத்துப் பாறையில் சமணத் திருவுருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள், உருவத்தைச் செய்வித்தார் இன்னார், அவர் ஊர் இன்னது என்று கூறுகின்றன. இங்கே ஊகத்துக்கு இடமில்லை. குறிப்பும் அதன் பொருளும் அருகருகே நிற்கின்றன.

அதே மலையில், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் மேலிருந்து கீழாகக் குடைந்த வெட்டுவான் கோயில் முற்றுப்பெறாது நிற்கின்றது. ஏன் முற்றுப்பெறவில்லை என்பதற்கு ஊரார் ஒரு கதை கூறுவர். தந்தையாகிய சிற்பி மலைமேலும், மகனாகிய சிற்பி மலையடியிலும் கோயில் செதுக்கினர். மகன் முந்தி முடித்தான். தந்தை சினந்து மகனை அடித்துக் கொன்றான். ஆதலின் மேற்கோயில் நின்றுபோயிற்று என்பது அக்கதை. இதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. குறைபட்டு நின்ற கல்லைக் கண்டவர் அக்குறையை நிரப்பத் தாமே படைத்துக்கொண்ட பொருள் இது. நாட்டார் வழக்காறு என்ற முறையில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆயினும் கோயிலின் வரலாறாக இதனைக் கொள்ளுதல் கூடாது.

மூன்றாவது சான்று, மலையடியில் குடைவரையில் எழுந்தருளியுள்ள கழுகாசலமூர்த்தியின்மீது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்து. ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் எழுந்த அந்நூலைக் கரிசல் மண்ணில் காதால் கேட்டே கற்றவர் பலர். இடைசெவலில் பிறந்த சிறுகதையாசிரியர் கு. அழகிரிசாமி அதனைப் பதிப்பித்ததும் நினைக்கத்தக்கது. சிந்தில் புலவர் தம் பெயரை முத்திரையாக வைப்பது மரபு. முருகன் அண்ணாமலைக்குத் துணையாவான் என்னும் கருத்து அம்முத்திரையில் வருமிடத்து, அண்ணாமலை என்பது புலவர் பெயர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது சிவபெருமானுக்குரிய மலையின் பெயருமாதலின், மகன் தந்தைக்குத் துணையாகும் மற்றொரு பொருள் கேட்பார் செவியில் உடன் ஒலிக்கின்றது. பெயர் இருபொருள் தருவதற்கு முத்திரை என்னும் மரபே இடம் வகுத்துக் கொடுக்கின்றது.

எழுதி வைத்த பொருள், கண்டோர் படைத்த பொருள், மரபு இடந்தந்த பொருள் என இவ்வொரு மலையில் மூன்றும் உள. எந்நூலிலும் நாம் காணும் குறிப்பு இம்மூன்றனுள் எதனைச் சார்ந்தது என வினவுதல் வேண்டும்.

சிலேடையும் கரந்துறை நகையும்

இருபொருள்படப் பேசுதல் தமிழ்ப்புலவர்க்குப் புதிதன்று. தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை எனப் பகுத்தது. காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரு செய்யுளில் அடக்கினார். ஆயின் அச்செய்யுட்களில் இருபொருள் இன்னின்ன என்பது முன்னரே அறிவிக்கப்படும். கேட்பார் தொழில், அறிவிக்கப்பட்ட இரண்டும் பொருந்துமாற்றைக் கண்டு மகிழ்தலே. கரந்துறை நகையில் அறிவிப்பு இல்லை. ஒரு பொருளோடு கதை இனிது நடந்துவிடும். மற்றொரு பொருள் உண்டென்பதைக் கூடக் கற்பாரே காணவேண்டும். இன்பம் மிகுவதும் இதனாலேயே. பிழை நுழைவதும் இதனாலேயே.

அறிவிக்கப்படாத பொருளைக் காண முயன்றோர் வழுக்கியமைக்கு நம் உரைவரலாற்றிலேயே சான்று உண்டு. நச்சினார்க்கினியர் பேரறிவுடையவர். எனினும் பத்துப்பாட்டிற்கு அவர் உரை வகுத்தபோது, தொலைவில் நிற்கும் சொற்களை 'மாட்டு' என்னும் முறையால் இணைத்துத் தாம் கருதிய பொருளை வருவித்த இடங்கள் உள. அதனை மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் கடிந்துரைத்தார். பெரும்புலவர்க்கே நேர்ந்த வழு, ஆர்வம் மிக்க இளைஞர்க்கு நேராது என்று கூறவியலாது.

எனவே மூன்று வினாக்களை அளவுகோலாகக் கொள்வோம். ஒன்று, அச்சொல்லோ நிகழ்ச்சியோ நேர்ப்பொருளுக்கு வேண்டும் அளவினும் மிகுந்து நிற்கின்றதா? இரண்டு, ஆசிரியரும் அவர் காலத்து வாசகரும் அக்குறிப்பை இயல்பாக அறிந்திருப்பரா? மூன்று, அக்குறிப்பு அதே நூலிலுள்ள மற்றக் குறிப்புகளோடு முரணாது தொடர்ந்து செல்கின்றதா? மூன்றற்கும் ஆம் என்ற விடை கிடைப்பின் அதனை உரையில் ஏற்றலாம். இல்லையேல் அது வாசகர் தம் புன்னகையாக நிற்பதே தகும்.

கதையும் அதன் குறிப்புகளும்

'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943-இல் கலைமகள் இதழில் வெளிவந்தது. 'காலனும் கிழவியும்', 'வேதாளம் சொன்ன கதை' ஆகியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது. இக்கதைகளிலெல்லாம் மேலுலகத்துப் பொருளொன்று மண்ணுலகிற்கு வந்து, மக்களின் அன்றாட நடைமுன் தடுமாறுகின்றது. தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனைக் கூறினார். பேதைமையை மாந்தர்க்கு உரியதாக வைத்தலே பெருவழக்கு. அதனைக் கடவுளுக்கு ஏற்றியது புதுமைப்பித்தனின் துணிவு.

சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுமிடத்தில் நிற்கும் கந்தசாமிப் பிள்ளை, சித்த வைத்திய இதழ் ஒன்றை நடத்துபவர். வழி வினவி வந்த முதியவரோடு காப்பிக் கடை புகுகின்றார். வந்தவர் கடவுள் என்பது தெரிந்தபின்னும் அவரிடம் வரம் கேளாது, இதழுக்கு ஆயுட்சந்தா பெற்று, வீட்டில் விருந்தினராக இருத்திக்கொள்கின்றார். பிழைப்பிற்கு வழி தேடி, நடனம் ஆடிக் காட்ட ஒரு பெரிய மனிதரிடம் கடவுளை அழைத்துச் செல்கின்றார். அங்கே ஆடல் ஏற்கப்படவில்லை. இறுதியில் கடவுள் திரும்பிவிடுகின்றார். இதழ்த்தொழிலில் உழன்ற ஆசிரியர் தம் தொழிலையே எள்ளிக்கொள்ளும் பகுதி இதில் உண்டு என்பது வெளிப்படை. ஆயுட்சந்தாவில் சேர்பவர் ஆயுள் என்னும் அளவைக்கு உட்படாதவர் என்பதும் எவர்க்கும் எளிதில் விளங்கும்.

மாணவர் கண்ட முதற் குறிப்பு காப்பிக் கடையைப் பற்றியது. காப்பியின் சுவை யாருடைய லீலை என்னும் பேச்சு கதையில் எழுகின்றது. அது சிக்கரித் தூளால் வந்தது என்று பிள்ளை விளக்குகின்றார். தொடர்ந்து, பணம் கொடுக்கும் நேரத்தைக் குறிக்கப் 'படலம்' என்னும் சொல்லை ஆள்கின்றார். லீலை என்பதன் தமிழ் திருவிளையாடல். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் 64 திருவிளையாடல்களைப் படலம் படலமாகக் கூறுவது. அப்புராணத்தில் இறைவன் விறகு விற்பவனாகவும் வளையல் விற்பவனாகவும் மண் சுமப்பவனாகவும் மதுரைத் தெருவில் நடந்தான். இங்கே சென்னைத் தெருவில் நடக்கின்றான்; ஆனால் அருள்பெற விரும்புவார் எவரும் இல்லை. பணம் கொடுத்தலைப் படலம் என்றது நேர்ப்பொருளுக்கு மிகையான சொல்லாட்சி. லீலை என்னும் சொல் அதற்கு அணியிலே நிற்கின்றது. 1943-ஆம் ஆண்டுக் கலைமகள் வாசகர்க்குத் திருவிளையாடல் அறிந்த நூல். மூன்று வினாவிற்கும் விடை ஆம் என்பதே. கதை முழுதும் அறுபத்தைந்தாம் திருவிளையாடலாக நகைக்கத்தக்கது என்பது இக்குறிப்பால் உறுதிப்படுகின்றது.

இரண்டாம் குறிப்பு ஊர்ப்பெயர் பற்றியது. பிள்ளை கடவுளைத் தம் வீட்டில் கைலாசபுரத்துப் பெரியப்பா என்று அறிமுகப்படுத்துகின்றார். கைலாசபுரம் என்பது இறைவன் உறையும் கயிலையைக் குறித்தது என்று பிறவூர் வாசகர் கொண்டு நின்றுவிடுவர். திருநெல்வேலியைச் சுற்றி வாழ்வோர்க்கோ அது தாமிரபரணிக் கரையில் உள்ள ஓர் இடத்தின் உண்மைப் பெயர். பிள்ளை பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. ஒரே சொல் பிரியாது நின்று இருபொருள் தருதலின் இது செம்மொழிச் சிலேடையின்பாற் படும். நெல்லை வாசகர் நகையை முழுதும் பெறுவர். ஏனையோர் பாதியே பெறுவர். மேலே காட்டிய ஆங்கில மிட்டாயின் கதை நம் நாட்டிலும் நடந்திருத்தல் காண்க.

மூன்றாம் குறிப்பு, நடனத்தை மறுத்தவரின் பெயர். அவர் திவான் பகதூர் பிருகதீசுவர சாஸ்திரிகள். தஞ்சைப் பெருங்கோயிலில் எழுந்தருளிய இறைவனின் பெயர் பிருகதீசுவரர். ஆடவல்லானின் ஆடலை அவன் பெயரையே தாங்கியவர், வெள்ளையர் அளித்த பட்டத்தோடு வீற்றிருந்து மறுக்கின்றார். மெய்யான பாம்பும் மெய்யான புலித்தோலும் கலைக்கு ஆகா, அவைபோன்ற அணியும் பட்டுமே வேண்டும் என்பது அவர் கட்சி. நாட்டியம் புதிய மேடைகளில் ஏறிக்கொண்டிருந்த அக்காலச் சென்னையில் இதனைப் படித்தவர்க்குக் குறிப்பு புலப்படாதிருக்க வழியில்லை. பட்டம், பெயர், செயல் என மூன்றும் ஒரு முகமாக நிற்றலின் இதனையும் ஏற்கலாம்.

தகப்பன்சாமி

மாணவர் கண்டனவற்றுள் எம்மைப் பெரிதும் சிந்திக்கச் செய்தது நான்காவது. கழுகுமலையைச் சேர்ந்த மாணவி ஒருவர் இதனைக் கூறினார். கதையின் தலைப்பிலே கடவுள் என்பதன் அருகில் கந்தசாமி என்பது நிற்கின்றது. கந்தசாமி முருகன் பெயர். வந்திருப்பவர் சிவபெருமான். சுவாமிமலையில் மகன் தந்தைக்குப் பிரணவப் பொருளை உபதேசித்துத் தகப்பன்சாமி ஆனான். இக்கதையிலும் கந்தசாமி என்பவரே கடவுளுக்கு வழி கூறுகின்றார். காப்பியின் பொருள் கூறுகின்றார். பணம், சந்தா, பிழைப்பு ஆகியவற்றின் பொருளையும் கூறுகின்றார். மண்ணுலக வாழ்வின் பிரணவம் இதுவே போலும். காவடிச்சிந்தின் முத்திரையில் மகன் தந்தைக்குத் துணையாகும் ஒலியைச் சிறுமை முதல் கேட்டு வளர்ந்தமையால் தமக்கு இது தோன்றிற்று என்றார் அம்மாணவி.

அளவுகோலை வைத்துப் பார்ப்போம். பெயர் ஒன்றே சான்றாயின் இதனைத் தள்ளிவிடலாம். கந்தசாமி என்ற பெயர் எவ்வூரிலும் உண்டு. ஆனால் உபதேசம் என்னும் செயல் பெயரோடு சேர்ந்து நிற்கின்றது. பெரியப்பா என்னும் உறவுச்சொல்லைப் பிரித்தால் பெரிய அப்பா என்றாகின்றது. பிள்ளையின் குழந்தை கடவுளைத் தாத்தா என்றழைத்து அவரோடு ஒட்டிக்கொள்கின்றது. கந்தசாமி மகனாயின் அம்முறை சரியே. தகப்பன்சாமிக் கதை சைவக் குடும்பத்தில் பிறந்த ஆசிரியர்க்கும் அவர் வாசகர்க்கும் புதிதன்று. குறிப்புகள் ஒன்றையொன்று தாங்கி நிற்றலின் இக்கண்டுபிடிப்பை ஏற்பதில் தடையில்லை.

ஏற்றபின் கதையின் முடிவே வேறாகின்றது. இதுகாறும் பலர் இக்கதையைக் கடவுளை எள்ளும் கதையென்று கொண்டனர். மக்களோடு உடனிருந்து வாழ இயலாது, எட்ட நின்று வரமளிக்கவே இயலும் என்னும் கருத்துப்படக் கடவுள் கூறி விடைபெறும்போது, எள்ளல் முற்றிற்று என்று நகைத்தனர். தந்தை மகன் என்னும் உறவு உள்ளே ஓடுவதைக் கண்டவர் அவ்விடத்தில் நகைக்க மாட்டார். ஊரிலிருந்து வந்த தந்தை நகரத்தில் மகன் வீட்டில் சில நாள் தங்குகின்றார். தம் தொழில் அங்கே விலைபோகாததைக் காண்கின்றார். பேரக் குழந்தையை விட்டுப் பிரிந்து ஊர் திரும்புகின்றார். மகனுடைய கணக்கில் அவர் பெயர் ஒரு சந்தாதாரராக நிற்கின்றது. இதனைக் கண்டபின் நகையின் அடியில் அழுகை தெரிகின்றது. மழை பொய்க்கும் கரிசல் நிலத்திலிருந்து பிள்ளைகளை நகரத்திற்கு அனுப்பிவிட்டுச் சில நாள் அவர்கள் வீட்டில் தங்கி மீளும் முதியோரை அறிந்த மாணவர்க்கு இவ்வுண்மை முதலில் புலப்பட்டதில் வியப்பில்லை. கரந்துறை நகையைக் காண்பது வெறும் அணிநயம் காண்பதன்று. கதையின் மெய்ப்பாட்டையே மாற்றவல்லது என்பதற்கு இது சான்று.

ஏலாக் கண்டுபிடிப்புகள்

இவ்வெற்றி மாணவரை மேலும் தேடத் தூண்டிற்று. பிள்ளையின் மனைவி காந்திமதி. அது நெல்லையப்பர் கோயிலில் எழுந்தருளிய அம்மையின் பெயர். குழந்தையின் பெயர் வள்ளி. அது முருகன் தேவியின் பெயர். இவையும் ஒளித்து வைத்த நகையே என்றார் ஒருவர். இதனை யாம் ஏற்கவில்லை. காந்திமதியை அம்மையாகக் கொண்டால் கந்தசாமிக்குத் தாயே மனைவியாவாள். வள்ளியைத் தேவியாகக் கொண்டால் மனைவியே மகளாவாள். முன் கண்ட தொடர்போடு இவை முரணுகின்றன. நெல்லைச் சைவக் குடும்பங்களில் இவ்விரு பெயர்களும் தெருவிற்குத் தெரு வழங்குவன. கழுகுமலையைச் சூழ்ந்த ஊர்களில் கழுகாசலம் என்று பெயர்வைப்பது போன்றதே இது. முறைமாற்றமும் நகைக்குரியதன்றோ என்று அம்மாணவர் வினவினார். ஆகலாம், ஆயினும் ஆசிரியர் அதனைக் கருதினார் என்று காட்டக் கதையில் ஓர் அடையாளமும் இல்லை. அடையாளமின்றி ஏற்பின், கோயிற் பெயர் தாங்கிய ஒவ்வொரு பாத்திரமும் புராணப் பாத்திரமாகிவிடும். தமிழ்நாட்டில் மாந்தரைப் பற்றிய கதையே இல்லாது போகும்.

மற்றொரு மாணவர் இன்னும் நுண்ணியதொன்றைக் கூறினார். சந்தாக் கணக்கில் கடவுள், 'பழைய பரமசிவம் பிள்ளை' என்று பதியப்படுகின்றார். புதுமைப்பித்தனின் இயற்பெயர் விருத்தாசலம். அசலம் மலை, விருத்த என்பது பழைய. பழமலை என்பதே அதன் தமிழ். ஆகவே 'பழைய' என்ற அடைமொழி ஆசிரியர் தம் பெயரை ஒளித்து வைத்த முத்திரை. கடவுள் என்பவர் ஆசிரியரே என்பது அவர் வாதம். கழுகாசலம் என்னும் பெயரை நாள்தோறும் கேட்பவர்க்கு விருத்தாசலத்தைப் பிரித்துக் காணுதல் எளிது. கண்ட நுட்பத்தைப் பாராட்டினோம். ஆனால் ஏற்க இயலவில்லை. சிந்தில் முத்திரை வைப்பது மரபு. சிறுகதையில் அம்மரபு இல்லை. 'பழைய' என்னும் சொல், முழுமுதற் பழம்பொருளாகிய இறைவனைக் குறிப்பதற்கே போதியதாய் நிற்கின்றது, மிகை இல்லை. மேலும் இக்கதையில் ஆசிரியரின் சாயல் விழுவது இதழ் நடத்தி இடர்ப்படும் பிள்ளையின் மேலேயன்றிக் கடவுளின் மேலன்று. வெட்டுவான் கோயிலுக்குத் தந்தை மகன் கதை வந்தவாறு வந்தது இப்பொருள். இனிய கதை, ஆயினும் கல்லில் இல்லாதது.

மறுத்ததனால் அம்மாணவர் சிறிது வாடினார். திங்கள் ஒன்று கழித்து, தம் குறிப்பேட்டில் அதனை அடித்துவிடாமல், ஓரத்தில் 'என்னுடையது' என்று எழுதி வைத்திருப்பதைக் காட்டினார். அதுவே தக்க செயல் என்று யாம் கருதினோம். ஆசிரியருடையது, வாசகருடையது என்று பிரித்து எழுதும் பழக்கம் வந்துவிட்டால், இரண்டாலும் கெடுதி இல்லை.

செய்ய வேண்டுவது

இவ்வாராய்ச்சி வெறும் விளையாட்டன்று என்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. கதை வெளிவந்து எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. சென்னையில் டிராம் வண்டி 1953-இல் நின்றது. அணாக் கணக்கு 1957-இல் மாறியது. திவான் பகதூர் என்பது என்ன பட்டம் என்று இன்றைய முதுகலை மாணவர் வினவுகின்றனர். படலம் என்ற சொல் பலர்க்குத் திருவிளையாடலை நினைவூட்டுவதில்லை. கரந்துறை நகை உயிர்வாழ்வது, சொல்லாமலே விளங்கும் பொதுவறிவைப் பற்றிக்கொண்டு. அப்பொதுவறிவு தேய்ந்தால் கதை நிற்கும். உள்ளிருந்த நகை போய்விடும். போனதை எவரும் அறியவும் மாட்டார்.

புதுமைப்பித்தனின் வாழ்க்கையை ரகுநாதன் 1951-இல் நூலாக எழுதினார். கதைகளின் பாடங்களை ஒப்பிட்டு ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த முழுத் தொகுப்பு 2000-இல் வெளிவந்தது. வரலாறும் திருந்திய பாடமும் கிடைத்துவிட்டன. அடுத்து வேண்டுவது உரை. பழைய இலக்கியத்திற்கே உரை வேண்டும், உரைநடைக்கு வேண்டா என்ற எண்ணம் இனிப் பொருந்தாது. அவ்வுரையை ஒருவர் தனித்து எழுதுதல் அரிது. கைலாசபுரத்தை நெல்லையார் அறிவர். பிராட்வேயைச் சென்னையின் முதியோர் அறிவர். சிந்தின் முத்திரையைக் கழுகுமலையார் அறிவர். பல்லூர் வாசகர் கண்டனவற்றைத் தொகுத்து, அளவுகோலால் ஆய்ந்து, ஏற்பன ஏற்று, ஏலாதனவற்றைக் கண்டவர் பொருளாகத் தனியே குறித்துவைப்பது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணி.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். குறிப்புகளை எண்ணிக் குவிப்பதே நோக்கமாகிவிட்டால், நகைச்சுவைக் கதை விடுகதைத் தொகுப்பாகச் சுருங்கிப்போகும். கண்ட குறிப்பு கதையை மீண்டும் படிக்கச் செய்கின்றதா, படிக்கும்போது மெய்ப்பாடு ஆழப்படுகின்றதா என்பதே அதன் பயனை அளக்கும் இறுதி வினா.

முடிவுரை

நகைச்சுவைக் கதைகளில் மறைந்து நிற்கும் குறிப்புகளைத் தேடும் வாசகரை விளையாட்டுப் பிள்ளைகளென்று ஒதுக்குதல் தகாது; அவர்கள் கண்டதையெல்லாம் ஆசிரியர் கருத்தென்று கொள்ளுதலும் தகாது. சொல்லின் மிகை, காலமும் இடமும், குறிப்புகளின் தொடர்பு என்னும் மூன்றும் கொண்டு ஆராயின், புதுமைப்பித்தன் கதையில் திருவிளையாடற் குறிப்பும், கைலாசபுரச் சிலேடையும், சாஸ்திரிகளின் பெயரும், தகப்பன்சாமி உறவும் ஏற்கத்தக்கன. காந்திமதி, வள்ளி என்னும் பெயர்களும், 'பழைய' என்னும் அடைமொழியும் பற்றிய கருத்துகள் ஏற்கத்தக்கன அல்ல. ஏற்றவற்றுள் தகப்பன்சாமி உறவு கதையின் நகையை அழுகையின் எல்லைவரை கொண்டு செல்கின்றது. நூலறிவு மிக்க எமக்குப் பல ஆண்டுகள் புலப்படாத அவ்வுறவு, சிந்து கேட்டு வளர்ந்த கழுகுமலை மாணவி ஒருவர்க்கு முதற்படிப்பிலேயே புலப்பட்டது. உரை எழுதப் புகுவோர் ஏட்டை மட்டுமன்றி, ஊரையும் உடன்கொண்டு செல்லுதல் வேண்டும் என்பதே யாம் அவரிடம் கற்றுக்கொண்டது.